ஏஜென்ட் இல்லாத கணக்கெடுப்பு: உங்கள் ஆபீஸ் நெட்வொர்க்கில் என்னென்ன இருக்கிறது, யாருக்குத் தெரியும்?

கோவிலம்பாக்கத்தில், பல்லாவரம் - துரைப்பாக்கம் ரேடியல் சாலையை ஒட்டிய ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் 40 பேர் வேலை செய்யும் நிறுவனம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆடிட்டர் வருகிறார். "மொத்தம் எத்தனை சிஸ்டம் இருக்கு?" என்று கேட்கிறார. ஐ.டி. வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர் எக்செல் ஷீட்டைத் திறக்கிறார். 40 லேப்டாப், 2 பிரிண்டர், ஒரு சர்வர். அந்த ஷீட்டைக் கடைசியாகத் திருத்தியது போன தீபாவளிக்கு முன்னால்.

அதே ஆபீஸின் நெட்வொர்க்கில் உண்மையில் இணைந்திருப்பவற்றை எண்ணினால் கணக்கு எங்கேயோ போகும். வாசலில் விரல் வைக்கும் பயோமெட்ரிக் மெஷின், சிசிடிவி கேமராக்கள், அவற்றின் காட்சிகளைப் பதிவு செய்யும் பெட்டி, சுவிட்சுகள், கூரையில் ஒட்டியிருக்கும் வைஃபை பெட்டிகள், மீட்டிங் ரூம் ஸ்மார்ட் டிவி, நெட்வொர்க் கார்டு போட்ட யுபிஎஸ், மேஜை போன்கள். போதாததற்கு, "இங்க சிக்னலே வரல" என்று யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்து மேஜைக்கு அடியில் செருகிவிட்டுப்போன ஒரு ரவுட்டர். இந்தக் கடைசிப் பெட்டியைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். அது எந்த ஷீட்டிலும் இருக்காது.

லேப்டாப்களைக் கணக்கெடுக்க சுலபமான வழி உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன சாஃப்ட்வேரை நிறுவிவிட்டால் போதும். ஐ.டி. உலகில் அதற்கு 'ஏஜென்ட்' என்று பெயர். உள்ளேயே உட்கார்ந்துகொண்டு, எவ்வளவு ரேம், எந்த விண்டோஸ், என்னென்ன சாஃப்ட்வேர் என்று அவ்வப்போது தலைமையிடத்துக்குத் தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆனால் பயோமெட்ரிக் மெஷினில் எதை நிறுவுவது? சுவிட்சில்? கேமராவில்? தயாரித்த கம்பெனி கொடுத்ததைத் தவிர வேறு எதையும் அவை ஏற்றுக்கொள்ளாது. ஆக, வெளியே நின்று கதவைத் தட்டித்தான் கேட்க வேண்டும்: "நீ யாரு? எந்த மாடல்? சீரியல் நம்பர் என்ன?" இப்படிக் கேட்டு வாங்குவதுதான் ஏஜென்ட் இல்லாத கணக்கெடுப்பு.

நாசாவிலேயே நடந்தது

'இதெல்லாம் பெரிய விஷயமா?' என்று தோன்றலாம். செவ்வாய்க்கு ரோவர் அனுப்பும் நாசாவின் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரிக்கே இதில் அடி விழுந்தது. 2018 ஏப்ரலில் அங்கே ஓர் ஊடுருவல் கண்டுபிடிக்கப்பட்டது. உள்ளே நுழைந்தவர்கள் 23 ஃபைல்களிலிருந்து சுமார் 500 எம்.பி. அளவு தகவலை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அவற்றில் இரண்டு, செவ்வாய்த் திட்டம் தொடர்பான, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட ஃபைல்கள். 10 மாதங்கள் யாருக்கும் தெரியாமலேயே இது நடந்திருக்கிறது.

நுழைந்த வழி என்ன தெரியுமா? யாருடைய அனுமதியும் இல்லாமல் நெட்வொர்க்கில் இணைக்கப்பட்டிருந்த ஒரு ராஸ்பெர்ரி பை. கிரெடிட் கார்டு அளவே உள்ள, கல்லூரி மாணவர்கள் ப்ராஜெக்டுக்கு வாங்கும் அதே குட்டி கம்ப்யூட்டர்.

2019 ஜூனில் வெளியான நாசா தலைமை ஆய்வாளர் அறிக்கையில் இன்னொரு சுவாரசியம் உண்டு. புதிய கருவிகளைப் பதிவு செய்ய அங்கே முறையான டேட்டாபேஸ் இருந்தது. அதில் பதிவதற்கான வசதி சில நேரம் வேலை செய்வதில்லை, அப்புறம் பதிந்துகொள்ளலாம் என்று விட்டால் மறந்துபோகிறது என்று நிர்வாகி ஒருவர் ஆய்வாளர்களிடம் சொல்லியிருக்கிறார். நாசா என்றாலும் நம்ம ஊர் எக்செல் ஷீட் என்றாலும் மனிதர்கள் ஒன்றுதான். மனிதர்கள் ஞாபகம் வைத்துப் பதிய வேண்டிய பட்டியல் என்றைக்கும் முழுமையாக இருக்காது. அதனால்தான் கருவிகளையே நேரடியாகக் கேட்கும் முறை தேவைப்படுகிறது.

எப்படிக் கேட்கிறார்கள்?

முதலில், ஒரு சர்வரில் இருந்து நெட்வொர்க்கின் எல்லா முகவரிகளுக்கும் 'இருக்கியா?' என்று ஒரு குரல் கொடுக்கப்படும். 192.168.1.1 தொடங்கி 254 வரை, வரிசையாக. பதில் சொன்னவற்றின் பட்டியல் சில நிமிடங்களில் கைக்கு வந்துவிடும். சில கருவிகள் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டிருக்கும். ஆனால் சுவிட்சை ஏமாற்ற முடியாது. தன்னுடைய எந்தத் துளையில் எந்தக் கருவி பேசிக்கொண்டிருக்கிறது என்ற குறிப்பு அதனிடம் எப்போதும் இருக்கும். ஒவ்வொரு கருவிக்கும் மேக் முகவரி என்று ஓர் அடையாளம் உண்டு. அதன் முதல் பாதியைப் பார்த்தாலே தயாரித்த நிறுவனம் எது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அடுத்து, விசாரணை. விண்டோஸ் கம்ப்யூட்டர்களிடம் டபிள்யூ.எம்.ஐ. என்ற வசதி வழியாகவும், லினக்ஸ் சர்வர்களிடம் எஸ்.எஸ்.ஹெச். வழியாகவும் கேட்பார்கள். சுவிட்ச், ரவுட்டர், பிரிண்டர், யுபிஎஸ் போன்றவற்றிடம் பேச ஒரு தனி மொழி இருக்கிறது: எஸ்.என்.எம்.பி.

இந்த மொழியில் சொற்கள் கிடையாது, எண்கள்தான். ஒவ்வொரு கேள்விக்கும் கதவு எண் மாதிரி ஒரு நீளமான எண். '1.3.6.1.2.1.1.1.0' என்று கேட்டால், 'உன்னைப் பற்றிச் சொல்லு' என்று அர்த்தம். கருவி தன் பெயர், மாடல், உள்ளே ஓடும் சாஃப்ட்வேரின் பதிப்பு எல்லாவற்றையும் ஒரே வரியில் ஒப்பிக்கும். சீரியல் நம்பருக்கு வேறு எண். யுபிஎஸ் பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் என்பதற்கு வேறு எண். பிரிண்டர் இதுவரை எத்தனை பக்கம் அடித்திருக்கிறது என்பதற்கும் ஓர் எண் உண்டு. 'பக்கத்துக்கு இவ்வளவு காசு' என்று பிரிண்டரை வாடகைக்கு விடும் நிறுவனங்கள், ஆளே அனுப்பாமல் மாதக் கடைசியில் பில் போட முடிவது இப்படித்தான்.

இங்கே ஒரு வேடிக்கை. பிரிண்டருக்குள் உட்கார்ந்து இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் சிறு நிரலுக்கும் 'ஏஜென்ட்' என்றுதான் பெயர்! 'ஏஜென்ட் இல்லாத' என்று சொல்வதெல்லாம், நாம் எதையும் நிறுவவில்லை என்ற அர்த்தத்தில் மட்டும்தான். தயாரித்தவர்கள் அதை ஏற்கெனவே உள்ளே வைத்தே விற்றிருக்கிறார்கள்.

தற்காலிகமாக வந்து, தங்கிவிட்ட மொழி

எஸ்.என்.எம்.பி.யின் முதல் வரையறை வெளியானது 1988இல். சர்வதேச அளவில் இன்னும் விரிவான ஒரு முறை தயாராகும்வரை சமாளிக்க, ஓர் இடைக்கால ஏற்பாடாகத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். பெயரிலேயே 'சிம்பிள்' இருக்கும். அந்த விரிவான முறை பெரிதாக எடுபடவே இல்லை. சிம்பிளானது நின்றுவிட்டது.

இந்த மொழிக்கும் சென்னைக்கும் ஒரு நெருங்கிய தொடர்பு உண்டு. ஸ்ரீதர் வேம்பு, டோனி தாமஸ் உள்ளிட்டோர் 1996இல் தொடங்கிய அட்வென்ட்நெட் நிறுவனம் முதலில் விற்றது மின்னஞ்சலோ சிஆர்எம்மோ அல்ல, எஸ்.என்.எம்.பி. பேசும் நிரல் தொகுப்புகளை. ரவுட்டர், தொலைத்தொடர்புக் கருவிகள் தயாரிக்கும் நிறுவனங்கள்தான் வாடிக்கையாளர்கள். 2001 வாக்கில் டாட்காம் சரிவில் அந்த வாடிக்கையாளர்கள் ஆட்டம் கண்டபோது, நிறுவனங்களின் ஐ.டி. துறைகளுக்கே நேரடியாக விற்கும் பக்கம் அது திரும்பியது. மேனேஜ்என்ஜின் என்ற பிராண்டு அப்படித்தான் வந்தது. 2009இல் நிறுவனத்தின் பெயர் ஜோஹோ ஆனது. தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் கூடுவாஞ்சேரி அருகே இருக்கும் அதே ஜோஹோதான்.

பழைய பெயர் ஓர் இடத்தில் மட்டும் அழியாமல் இருக்கிறது. எஸ்.என்.எம்.பி. எண் மரத்தில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு கிளை எண் ஒதுக்கப்படும். ஐபிஎம்முக்கு 2, சிஸ்கோவுக்கு 9, மைக்ரோசாஃப்டுக்கு 311. அட்வென்ட்நெட்டுக்கு 2162. மேனேஜ்என்ஜின் சாஃப்ட்வேர்கள் இந்த மொழியில் அனுப்பும் எச்சரிக்கைகள் இன்றும் அந்த எண்ணைத் தாங்கித்தான் வருகின்றன.

சாவிக்கொத்து யார் கையில்?

எதையும் நிறுவ வேண்டாம் என்றதும், 'அப்போ ரிஸ்க் இல்லை' என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். நேர்மாறு. ஒவ்வொரு கருவியின் கதவையும் வெளியிலிருந்து திறக்க வேண்டுமென்றால், எல்லாக் கதவுகளின் சாவியும் ஒரே சர்வரில் இருந்தாக வேண்டும். அந்த ஒரு சர்வர் போனால் மொத்த ஆபீஸும் போனது மாதிரி.

2020 டிசம்பரில் உலகத்தை உலுக்கிய சோலார்விண்ட்ஸ் சம்பவம் இதுதான். அந்த நிறுவனத்தின் ஓரியன் என்ற நெட்வொர்க் கண்காணிப்பு சாஃப்ட்வேரின் அப்டேட்டுக்குள்ளேயே ஹேக்கர்கள் புகுந்துவிட்டார்கள். ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்களுக்கு அந்த அப்டேட் போய்ச் சேர்ந்தது. நெட்வொர்க் முழுவதையும் பார்க்கும் உரிமை பெற்ற சாஃப்ட்வேர் என்பதால்தான் அதைக் குறிவைத்தார்கள். சென்னைத் தயாரிப்பும் தப்பவில்லை: மேனேஜ்என்ஜின் சர்வீஸ்டெஸ்க் பிளஸ்ஸில் இருந்த ஓர் ஓட்டையை ஹேக்கர்கள் பயன்படுத்துவதாக 2021 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரித்தது. அதற்கான திருத்தத்தை நிறுவனம் செப்டம்பரிலேயே வெளியிட்டிருந்தது. பலர் போட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

எஸ்.என்.எம்.பி.யின் பழைய பதிப்புகளில் இன்னொரு தலைவலி. அவற்றில் பாஸ்வேர்டு மாதிரி பயன்படும் சொல்லை எந்தப் பூட்டும் இல்லாமல் அப்படியே வயரில் அனுப்புவார்கள். அதைவிட மோசம், பல கருவிகளில் அந்தச் சொல் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 'பப்ளிக்' என்று இருக்கும். மாற்றும் உரிமைக்கு 'பிரைவேட்'. யாரும் மாற்றுவதில்லை. எளிதில் ஊகிக்கக்கூடிய இப்படிப்பட்ட சொற்களைப் பயன்படுத்தி, ரஷ்ய ராணுவ உளவுத்துறையோடு தொடர்புடைய குழு ஒன்று 2021இல் சிஸ்கோ ரவுட்டர்களுக்குள் நுழைந்ததாக பிரிட்டனும் அமெரிக்காவும் 2023 ஏப்ரலில் கூட்டாக அறிவித்தன. பாதிக்கப்பட்டவர்களில் சுமார் 250 பேர் உக்ரைனைச் சேர்ந்தவர்கள். பூட்டோடு கூடிய மூன்றாம் பதிப்பு 2002இலேயே முழு வரையறையாகிவிட்டது என்பதுதான் இதில் எரிச்சலூட்டும் விஷயம்.

இந்தியாவில் கேட்கப்போகும் கேள்வி

2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் ஓர் உத்தரவு பிறப்பித்தது. சைபர் தாக்குதல் நடந்தது தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். லாக் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். கம்பெனிகள் எல்லாமே அதன் வரம்புக்குள் வருகின்றன. லாக்கில் 192.168.1.87 என்ற முகவரியிலிருந்து சந்தேகத்துக்குரிய போக்குவரத்து இருப்பதாகத் தெரிகிறது என்று வையுங்கள். 87 என்பது கேமராவா, ரிசப்ஷன் கம்ப்யூட்டரா, மேஜைக்கு அடியில் இருக்கும் ரவுட்டரா? பட்டியல் இல்லாதவர்களுக்கு அதைக் கண்டுபிடிக்கவே அந்த 6 மணி நேரம் போய்விடும்.

தென்சென்னைப் புறநகருக்கே உரிய ஒரு காரணமும் இருக்கிறது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சுற்றியுள்ள பகுதிகள் 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எப்படி மூழ்கின என்பதை இங்கே வேலை பார்ப்பவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தரைத்தள சர்வர் ரூமுக்குள் தண்ணீர் வந்தபிறகு, எந்தெந்தக் கருவி இருந்தது, என்ன மாடல், என்ன சீரியல் நம்பர் என்று இன்ஷூரன்ஸ் சர்வேயரிடம் சொல்ல வேண்டிவரும். தண்ணீருக்கு முந்தைய வாரம் எடுத்த பட்டியல் வேறு ஊரில் இருக்கும் சர்வரிலோ கிளவுடிலோ இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

எல்லாம் தெரிந்துவிடுமா?

தெரியாது. வீட்டிலிருந்து வேலை செய்பவரின் லேப்டாப் ஆபீஸ் நெட்வொர்க்கில் இல்லை; கதவைத் தட்ட முடியாது. அதற்கு ஏஜென்ட்தான் வேண்டும். ஸ்கேன் ஓடும் நேரத்தில் ஆஃப் செய்திருக்கும் கருவியும் தப்பிவிடும். இப்போதைய ஸ்மார்ட்போன்கள் வைஃபையில் இணையும்போது போலி மேக் முகவரியைக் காட்டுவதால், ஒரே போன் இரண்டாகத் தெரியவும் வாய்ப்புண்டு. கையிலிருந்து வாங்கிய மலிவான கேமராக்கள் எஸ்.என்.எம்.பி.யே பேசாமல் போகலாம். அதனால் விஷயம் தெரிந்தவர்கள் லேப்டாப்களுக்கு ஏஜென்ட், மற்றவற்றுக்குக் கேள்வி பதில் என்று இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறார்கள்.

ஆரம்பிக்கப் பணம் தேவையில்லை. என்மேப், நெட்டிஸ்கோ, லிப்ரென்எம்எஸ், ஜிஎல்பிஐ எல்லாமே இலவசம். ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு ஓட்டலாம். ஆனால் ஸ்கேன் செய்வதற்கு முன்னால் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். அனுமதியில்லாத ஸ்கேன் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தாக்குதல் மாதிரியேதான் தெரியும். கருவிகளில் 'பப்ளிக்' என்ற சொல்லை மாற்றி, முடிந்த இடத்தில் எல்லாம் மூன்றாம் பதிப்புக்குப் போய், அந்த ஒரு சர்வர் கேட்டால் மட்டும் பதில் சொல்லும்படி பூட்டிவிட வேண்டும். விண்டோஸைக் கேட்கும் கணக்குக்கு, அவசரத்தில் பலர் செய்வதுபோல அட்மின் பாஸ்வேர்டைத் தூக்கிக் கொடுக்காமல், வேண்டிய தகவலைப் படிக்கும் உரிமை மட்டும் உள்ள தனிக் கணக்கை உருவாக்கிக்கொள்வது நல்லது.

முதல் ஸ்கேனை ஆபீஸ் முடிந்தபிறகு வைத்துக்கொள்ளுங்கள். பிரிண்டர்கள் 9100 என்ற போர்ட்டில் எது வந்தாலும் அதை அச்சடித்துத் தள்ளும் பழக்கம் உள்ளவை. என்மேப் தன் விரிவான சோதனையில் அந்த ஒரு போர்ட்டை வழக்கமாகவே தவிர்த்துவிடுகிறது. வேறு சில ஸ்கேனர்களுக்கு அந்த நாகரிகம் கிடையாது. ட்ரேயில் இருக்கும் ஏ4 தாள்களை முதலில் எடுத்து வைத்துவிடுங்கள்.