கவருக்குள் ஒரு கவர்

வாக்கு எண்ணும் நாளில் காலை எட்டே கால் ஆவதற்குள் டி.வி.யில் "தபால் ஓட்டில் முன்னிலை" என்று ஓட ஆரம்பித்துவிடுகிறது. அந்த நேரத்தில் தபால் ஓட்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: எட்டே காலுக்கு எங்கள் மேசையில் ஒரு வாக்குச்சீட்டுகூட வெளியே வந்திருக்காது. கவர்களை எண்ணி, கத்தரித்து, உள்ளேயிருக்கும் படிவத்தைத்தான் படித்துக்கொண்டிருப்போம். யார் யாரை முந்துகிறார்கள் என்று எங்களுக்கே தெரியாதபோது சேனல்காரர்களுக்கு எப்படித் தெரிகிறதோ, அது அவர்களுக்கே வெளிச்சம்.

வருவாய்த் துறையில் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கடைசியாக அந்த மேசையில் உட்கார்ந்தது 2021 மே 2 அன்று. கொரோனாவின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நேரம். முகக்கவசத்துக்கு மேல் பிளாஸ்டிக் திரை மாட்டிக்கொண்டு, அது ஆவி படிந்து மங்கிப்போக, சின்ன எழுத்தில் அச்சடித்த படிவங்களைப் படித்த அவஸ்தையை இன்னொரு நாள் சொல்லலாம்.

தபால் ஓட்டு எல்லோருக்கும் கிடையாது. ஊரில் இல்லை, வேலை இருக்கிறது என்றெல்லாம் கேட்டு வாங்க முடியாது. ராணுவத்திலும் துணை ராணுவத்திலும் இருப்பவர்கள், தேர்தல் பணிக்குப் போகும் ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், போலீஸ்காரர்கள், தடுப்புக் காவலில் இருப்பவர்கள் என்று ஒரு வரையறை உண்டு. 2019-க்குப் பிறகு வயதானவர்களும், 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளும், அத்தியாவசியப் பணியில் இருப்பவர்களும் சேர்ந்தார்கள். வயது வரம்பு முதலில் 80. 2024 மக்களவைத் தேர்தலுக்குச் சற்று முன் 85 ஆக்கிவிட்டார்கள். இப்படி ஒருவருக்குத் தபால் ஓட்டு கொடுத்ததும் வாக்காளர் பட்டியலில் அவர் பெயருக்குப் பக்கத்தில் 'பி.பி.' என்று குறித்துவிடுவோம். அதற்குப் பிறகு அவர் பூத்துக்குப் போய் நின்றாலும் ஓட்டுப் போட முடியாது.

சீட்டோடு சேர்ந்து வருவது ஒரு சின்ன கவர், ஒரு பெரிய கவர், ஓர் உறுதிமொழிப் படிவம். படிவத்துக்கு 13-ஏ என்று பெயர். 'இந்த வரிசை எண் உள்ள வாக்குச்சீட்டு எனக்கு வந்தது, நான்தான் வாக்களித்தேன்' என்று அதில் கையெழுத்திட வேண்டும். நம்மை அடையாளம் தெரிந்த அதிகாரி ஒருவர் அதில் சான்றொப்பம் போட வேண்டும். ஓட்டுப் போட்ட சீட்டு சின்ன கவருக்குள் போகும். அதை 'ஏ' கவர் என்போம். அதை ஒட்டி, 13-ஏ படிவத்தைத் தனியாக வைத்து, இரண்டையும் பெரிய 'பி' கவருக்குள் போட்டு அனுப்ப வேண்டும். இவ்வளவுதான் வேலை. இதில்தான் ஆயிரக்கணக்கான ஓட்டுகள் செத்துப்போகின்றன.

எண்ணிக்கை நாளன்று காலை எட்டு மணி வரை வந்து சேரும் கவர்களுக்குத்தான் மதிப்பு. தபால்காரர் எட்டரைக்குக் கொண்டுவந்தால் அதைப் பிரிக்கக்கூட மாட்டோம். தாமதம் என்று எழுதி, கட்டி, சீல் வைத்துத் தனியே ஒதுக்கிவிடுவோம். நேரத்துக்கு வந்தவை, மேசைக்கு 500-க்கு மிகாமல் பிரித்துத் தரப்படும். மேசைக்குத் தலைமை ஓர் உதவித் தேர்தல் நடத்தும் அலுவலர். எதிரே கம்பி வலைக்கு அப்பால் கட்சி ஏஜென்ட்கள்.

முதலில் 'பி' கவர். உள்ளே 13-ஏ தனியாக இருக்கிறதா? கையெழுத்து இருக்கிறதா? சான்றொப்பம் இருக்கிறதா? படிவத்தில் எழுதிய வரிசை எண்ணும் 'ஏ' கவர் மேல் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா? இதில் ஏதாவது ஒன்று இடித்தால் 'ஏ' கவரைத் திறக்கவே கூடாது. 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதி அப்படியே ஓரமாக வைத்துவிட வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் படிவம் ஒரு பக்கம், 'ஏ' கவர் ஒரு பக்கம். படிவங்களை எல்லாம் கட்டி சீல் வைத்த பிறகுதான் 'ஏ' கவர்களைத் திறக்க ஆரம்பிப்போம்.

இந்த வரிசையை மாற்றவே முடியாது. படிவத்தில் பெயர் இருக்கிறது, சீட்டில் ஓட்டு இருக்கிறது. பெயரைப் பார்க்கும்போது ஓட்டு கவருக்குள் மூடியிருக்கும். ஓட்டைப் பார்க்கும்போது பெயர் சீல் வைத்த கட்டுக்குள் போயிருக்கும். எங்கள் தாலுகாவில் பாதி வாத்தியார்களின் கையெழுத்து எனக்குத் தெரியும். ஆனாலும் அவர்களில் ஒருவர்கூட யாருக்குப் போட்டார் என்று எனக்குத் தெரியாது. பூத்தில் மறைப்பு அட்டை செய்கிற வேலையை இங்கே இரண்டு கவர்கள் செய்கின்றன.

அதனால்தான் 13-ஏ படிவத்தை வெளியே வைக்காமல் 'ஏ' கவருக்குள் சீட்டோடு சேர்த்து ஒட்டிவிட்டால் அந்த ஓட்டு போயிற்று. படிவம் உள்ளேதான் இருக்கும் என்று எங்களுக்கே தெரியும், கவரை லேசாக அழுத்தினால் காகிதத்தின் கனம் சொல்லிவிடும். இருந்தாலும் திறக்கக் கூடாது. அன்று ஓர் இளவட்ட ஏஜென்ட், "என்ன மேடம், வாத்தியார் ஓட்டையே தூக்கிப் போடுறீங்க? உள்ள இருக்கும், பிரிச்சுப் பாருங்க மேடம்" என்று கெஞ்சினார். "தம்பி, பிரிச்சா பேரும் ஓட்டும் ஒண்ணாக் கையில வந்துரும். அப்புறம் ரகசியம் எங்க இருக்கு?" என்றேன். எதிர்க்கட்சி ஏஜென்ட் உடனே தலையாட்டினார். அடுத்த பத்து நிமிடத்தில் அவரே வேறொரு கவருக்காக அதே கெஞ்சலைக் கெஞ்சினார்.

சட்டம் எல்லா இடத்திலும் இப்படி விறைப்பாக இல்லை. 'பி' கவரின் மேல் அனுப்புநர் கையெழுத்து இல்லை என்பதற்காக மட்டும் தள்ளக் கூடாது, படிவத்தை வைத்து ஆளை அறிய முடிந்தால் போதும். சீட்டில் டிக் அடித்தாலும் சரி, பெருக்கல் போட்டாலும் சரி. கோடு கொஞ்சம் கோணலாக இருந்தாலும், ஒன்றுக்கு இரண்டாக விழுந்திருந்தாலும், யாருக்கு என்பது தெளிவாகத் தெரிந்தால் ஓட்டு ஓட்டுதான். இரண்டு பேருக்குப் போட்டிருந்தால், யாருக்குமே போடாமல் விட்டிருந்தால், ஆளைக் காட்டிக்கொடுக்கும்படி எதையாவது எழுதியிருந்தால் செல்லாது. சீட்டின் அடியில் அழகாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஓர் ஓட்டை நான் பார்த்திருக்கிறேன். வருகைப் பதிவேட்டில் போட்டுப் போட்டுக் கை பழகிவிட்டது போலும்.

தள்ளப்படும் ஓட்டுகளில் கணிசமானவை, ஊருக்கெல்லாம் ஓட்டுப் போடச் சொல்லிக்கொடுப்பவர்களுடையவை என்பது எனக்கு எப்போதும் உறுத்தும். பூத்தில் நூறு பேருக்கு மை வைத்து, பொத்தானைக் காட்டி அனுப்பும் ஆசிரியர், தன் ஓட்டுக்கான படிவத்தைப் பயிற்சி வகுப்பின் கடைசி அரை மணியில், மடியில் வைத்து அவசரமாக நிரப்புவார். சான்றொப்பத்துக்குப் பக்கத்தில் யார் இருக்கிறாரோ அவரிடம் நீட்டுவார்.

அந்தச் சான்றொப்பம் என்ன செய்யும் என்பதற்கு ராதாபுரம் சாட்சி. 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே அ.தி.மு.க.வின் இன்பதுரை 69,590 ஓட்டு, தி.மு.க.வின் அப்பாவு 69,541. வித்தியாசம் 49. ஆனால் தள்ளப்பட்ட தபால் ஓட்டுகள் 203. நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியர்கள் போட்ட சான்றொப்பம் செல்லாது என்று அவற்றை ஒதுக்கியிருந்தார்கள். தேர்தல் பணியில் இருப்பவரின் படிவத்தில் கெசட்டட் ஆபீசரோ, அவர் பணிபுரியும் வாக்குச்சாவடியின் தலைமை அலுவலரோ சான்றொப்பமிட வேண்டும் என்பது விதி. நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியர் கெசட்டட் ஆபீசரா இல்லையா? இந்தக் கேள்வியில் ஒரு தொகுதியே தொங்கியது. 2019 அக்டோபர் 1 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அந்த 203 ஓட்டுகளையும், இயந்திரங்களில் 19, 20, 21-ஆம் சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது. மூன்று நாள் கழித்து நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். முடிவை வெளியிடக் கூடாது என்று உச்சநீதிமன்றம் தடுத்துவிட்டது. 2021-ல் அப்பாவு அதே தொகுதியில் வென்று பேரவைத் தலைவரும் ஆனார். 2016-ன் கேள்வி அதனால் தீர்ந்துவிடவில்லை.

என்னைக் கேட்டால், வரிசை எண் பொருந்தாத கவரைத் தள்ளுவதில் தப்பே இல்லை. எண் மாறினால் அது யார் சீட்டு என்பதே சந்தேகம். சான்றொப்பம் அப்படியல்ல. அதில் வாக்காளர் செய்த பிழை, சரியான பதவியில் இல்லாத ஒருவரை நம்பியது மட்டும்தான்.

2023-ல் வந்த திருத்தம் இந்த நோய்க்கு நல்ல மருந்து. தேர்தல் பணிக்குப் போகிறவர்கள் இனி சீட்டை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. பயிற்சி நடக்கும் இடத்தில் அமைக்கும் வாக்காளர் வசதி மையத்திலேயே வாங்கி, மறைவில் ஓட்டுப் போட்டு, அங்கே இருக்கும் அதிகாரியிடம் சான்றொப்பம் பெற்று, பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும். முன்பெல்லாம் சீட்டு வாரக்கணக்கில் வெளியே சுற்றிக்கொண்டிருக்கும். 'உங்க கவரைக் குடுங்க சார், நாங்களே போஸ்ட் பண்ணிடுறோம்' என்று வரும் சங்கத்துக்காரர்களையும் கட்சிக்காரர்களையும் நாங்கள் அறிவோம். அந்தப் பேச்சுக்கு இப்போது வேலையில்லை.

வீட்டில் இருக்கும் முதியவர்களுக்கு வழி வேறு. தேர்தல் அறிவிக்கை வந்த ஐந்து நாளுக்குள் 12-டி படிவம் கொடுக்க வேண்டும். பி.எல்.ஓ. எனப்படும் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீடு தேடி வந்து தருவார், வேண்டாம் என்றால் கட்டாயமில்லை. பிறகு இரண்டு அலுவலர்கள், ஒரு வீடியோகிராபர், ஒரு போலீஸ்காரர் என்று ஒரு குழு, மடக்கு மறைப்பு அட்டையோடு வீட்டுக்கே வரும். எந்தத் தெருவுக்கு எப்போது போகிறார்கள் என்பது வேட்பாளர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்படும், ஏஜென்ட் கூட வரலாம். முதல் முறை ஆள் இல்லையென்றால் இன்னொரு முறை வருவார்கள். அப்போதும் இல்லையென்றால் அவ்வளவுதான். தமிழ்நாட்டில் 2021-ல் இது தொடங்கியபோது, கட்டிலைச் சுற்றி மகன், மருமகள், பேரன் எல்லோரும் நின்றுகொண்டு "அந்தச் சின்னத்துலதான போடுவீங்க பாட்டி" என்று கேட்பதும், அவர்களை வெளியே அனுப்புவதும்தான் எங்கள் ஆட்களுக்கு முக்கால்வாசி வேலை.

ராணுவத்தினருக்குச் சீட்டு இணையம் வழியே போகிறது. 2016 நவம்பரில் புதுச்சேரி நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில்தான் இதை முதலில் பயன்படுத்திப் பார்த்தார்கள். அவர்கள் அதை அச்செடுத்து, ஓட்டுப் போட்டு, தபாலில் திருப்பி அனுப்புவார்கள். போவது மட்டும்தான் இணையம், வருவது பழைய அஞ்சல்தான். எண்ணும்போது வெளிக் கவர், 13-ஏ, உள் கவர் மூன்றிலும் உள்ள க்யூ.ஆர். கோடுகளை ஸ்கேன் செய்ய வேண்டும். ஒரே ஆளிடமிருந்து இரண்டு கவர் வந்தால் கணினி காட்டிக்கொடுத்துவிடும். வசதிதான், ஆனால் மடிந்த காகிதத்தில் அந்தக் கோடு படிக்காமல் அடம்பிடிக்கும்போது நிமிடங்கள் கரையும்.

இத்தனை பாடு பட்டு எண்ணும் இந்தச் சில ஆயிரம் ஓட்டு முடிவை மாற்றுமா என்று கேட்பவர்கள் 2024 மக்களவைத் தேர்தலில் மும்பை வடமேற்குத் தொகுதியைப் பார்க்கலாம். மின்னணு இயந்திரங்களின் கணக்கில் அமோல் கீர்த்திகர் ஒரே ஒரு ஓட்டு முன்னால் இருந்தார். தபால் ஓட்டில் அவருக்கு 1,501, ரவீந்திர வாய்க்கருக்கு 1,550. வாய்க்கர் 48 ஓட்டில் ஜெயித்தார். வெற்றி வித்தியாசம் தள்ளப்பட்ட தபால் ஓட்டுகளைவிடக் குறைவாக இருந்தால், தள்ளிய அத்தனையையும் தேர்தல் நடத்தும் அலுவலரே பார்வையாளர் முன்னிலையில், வீடியோ பதிவோடு மறுபடி சரிபார்க்க வேண்டும். யாரும் கேட்க வேண்டியதில்லை, அது கட்டாயம்.

2025 செப்டம்பரில் தேர்தல் ஆணையம் இன்னொன்றும் சொல்லியிருக்கிறது. தபால் ஓட்டு எண்ணிக்கை முடிந்த பிறகுதான் இயந்திர ஓட்டுகளின் கடைசிக்கு முந்தைய சுற்றைத் தொடங்க வேண்டுமாம். அதற்கு முன்பு இயந்திர மேசைகள் தம் போக்கில் ஓடி முடித்துவிடலாம் என்றிருந்தது. வேலையில் இருக்கும் என் பழைய சகாக்கள் இப்போதே புலம்புகிறார்கள், அரங்கமே தங்கள் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்குமே என்று. மேசைகளைக் கூட்டிக் கேளுங்கள், அவசரப்படுத்தினால் படிவத்தைப் படிக்காமல் கவரைத் தள்ளத்தான் கை போகும் என்று சொல்லியிருக்கிறேன்.