கார் நின்ற இடத்தில் கால்கள்

சாலையோரம் நிற்கும் ஒரு கார் சுமார் 12 சதுர மீட்டரைப் பிடித்துக்கொள்கிறது. அதில் கால்வாசியில் பூக்காரம்மா கூடை வைத்தால் மட்டும் அது ஆக்கிரமிப்பு! சென்னை தியாகராய நகரின் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் திறந்த நடைபாதை வளாகம் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டது. நடைபாதை அகன்றது, தணிகாசலம் சாலையில் பல அடுக்கு வாகன நிறுத்தம் எழுந்தது.

கார் நிறுத்த இடமில்லாவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் பயப்படுவதில் நியாயம் உண்டு. ஆனால் 100 மீட்டர் ஓரத்தில் வரிசையாக 16 கார் நின்றால் அதிகம். அதிலும் சில, கடைக்காரர்களின் சொந்த வண்டியாகவே இருக்கும். மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கி, கட்டைப்பையோடு நடந்து வருகிற கூட்டத்துக்கு முன் அது எம்மாத்திரம்? முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கடையருகே சில இடங்களை ஒதுக்கலாம். மற்றவர்கள் காசு கொடுத்து நிறுத்தட்டும். நடைபாதை மீதே ஏற்றி நிறுத்தும் பைக்குகளுக்குத்தான் அபராதம் தவிர வேறு மருந்து தெரியவில்லை.