செய்மதி வானொலி: எந்தச் சேவை என்று கேட்பதற்கு முன்

1990களில் யாழ்ப்பாணத்தில் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். மின்சாரமும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவின் மின்னில்தான் பிபிசி தமிழோசையையும் வெரித்தாஸையும் கேட்டோம். அந்த வானொலிப் பெட்டி எந்த நிறுவனத்துக்கும் கட்டுப்பட்டதல்ல. ஒரு நிலையம் நின்றால் முள்ளைத் திருப்பி இன்னொன்றைப் பிடிக்கலாம். கேட்பது யார் என்று ஒலிபரப்பியவருக்கும் தெரியாது.

அப்படி வானொலி கேட்டு வளர்ந்த பலர் இன்று கனடாவிலும் அமெரிக்காவிலும் கார் ஓட்டுகிறார்கள். அங்கே கார்களில் சந்தா கட்டிக் கேட்கும் செய்மதி வானொலி வருகிறது. ஒரு காலத்தில் இதற்கு இரண்டு நிறுவனங்கள் போட்டியிட்டன. அந்தப் போட்டியின் கதை, பூட்டுப் போட்ட பெட்டி எதையும் வாங்கும் எவருக்கும் உதவும்.

எக்ஸ்எம் 2001 செப்டம்பரிலும் சிரியஸ் 2002 பெப்ரவரியிலும் அமெரிக்காவில் சேவையைத் தொடங்கின. எக்ஸ்எம்மின் இரு செய்மதிகளும் பூமத்திய ரேகைக்கு மேலே நிலையாக நின்றன. வடக்கு நகரங்களிலிருந்து பார்த்தால் அவை தெற்கு வானில் தாழ்வாகவே தெரியும். உயர்ந்த கட்டடங்கள் மறைக்கும். அதனால் நகரங்களில் தரையிலும் நூற்றுக்கணக்கான மறுஒலிபரப்பிகளை வைக்க வேண்டியிருந்தது. சிரியஸின் மூன்று செய்மதிகள் நீள்வட்டப் பாதையில் சுற்றி, வட அமெரிக்காவின் உச்சி வானில் நீண்ட நேரம் நின்றன. அதற்குத் தரை மறுஒலிபரப்பிகள் குறைவாகவே தேவைப்பட்டன.

ஆனால் மக்கள் இதைப் பார்த்துத் தேர்வு செய்யவில்லை. பேஸ்போல் வேண்டுமென்றால் எக்ஸ்எம். அமெரிக்கக் கால்பந்து வேண்டுமென்றால் சிரியஸ். தொடக்கத்தில் மாதக் கட்டணம் எக்ஸ்எம்முக்கு 9.99 டொலர், சிரியஸுக்கு 12.95 டொலர். 2005இல் எக்ஸ்எம்மும் 12.95க்கு ஏறியது. ஒன்றின் பெட்டியில் மற்றதைக் கேட்க முடியாது. அதே 2005இன் இறுதியில் இரண்டும் கனடாவுக்கும் வந்தன.

உரிமம் வழங்கும்போது ஒன்றை மற்றது வாங்கக் கூடாதென்ற நிபந்தனை இருந்தது. ஆனாலும் 2008 ஜூலையில் அமெரிக்க அரசின் அனுமதியோடு இரண்டும் இணைந்தன. மூன்று ஆண்டுகளுக்கு அடிப்படைக் கட்டணத்தை உயர்த்தக் கூடாதென்பது ஒரு நிபந்தனை. அந்தக் காலம் முடிந்ததும், 2012 ஜனவரியில் கட்டணம் 14.49 டொலரானது. விட்டுப்போக வேறொரு செய்மதி வானொலி அப்போது அங்கே இருக்கவில்லை.

நமது பக்கத்தில் நடந்தது இதைவிட மோசம். வேர்ல்ட்ஸ்பேஸ் நிறுவனத்தின் ஏசியாஸ்டார் செய்மதி 2000 மார்ச்சில் ஏவப்பட்டது. இந்தியாவில் ஏ.ஆர். ரஹ்மான் அதன் விளம்பர முகமாக இருந்தார். தமிழ்ப் பாடல்களும் அதில் ஒலித்தன. நிறுவனம் 2008 ஒக்டோபரில் கடனால் முறிந்தது; 2009 டிசம்பர் 31உடன் இந்தியச் சேவை நின்றது. பணம் கொடுத்து வாங்கிய பெட்டிகள் அலுமாரியில் ஏறின. பெட்டியில் பழுதில்லை, அதற்குப் பேச ஆளில்லை.

ஆகவே எந்தச் சேவை நல்லது என்பது இரண்டாவது கேள்வி. முதலில் கேட்க வேண்டியவை வேறு. நிறுவனம் மூடினால் இந்தப் பெட்டி வேறெதற்காவது உதவுமா? சலுகைக் காலம் முடிந்தபின் கட்டணம் எவ்வளவு? சந்தாவை நிறுத்துவது, தொடங்குவது போல எளிதா? என்னுடைய பெயர், முகவரி, அட்டை விபரம் யாரிடம் போகின்றன? கேட்பவர் யார் என்று தெரிவது எவ்வளவு ஆபத்தென்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டுக்குச் செய்மதித் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கும்போதும் இதே கேள்விகள்தான்.

சந்தா கட்டுவது தவறல்ல. நீண்ட பயணத்தில் இடைவெளியில்லாமல் பாட்டும் செய்தியும் கிடைப்பது வசதியே. ஆனால் வீட்டில் சாதாரண வானொலிப் பெட்டி ஒன்று இருக்கட்டும். மின்சாரமும் இணையமும் ஒரே நாளில் நிற்கக் கூடும் என்பதை அனுபவித்து அறிந்தவர்கள் நாம்.