பூவிருந்தவல்லியின் வீதிகளும் திருக்கச்சிநம்பிகளும்

ஆசாரியர்கள் அவதரித்த தலங்களைத் திவ்யதேசங்களோடு ஒக்கப் போற்றுவது நம் ஸம்ப்ரதாய வழக்கு. அவ்வகையில், சென்னைக்கு மேற்கே பெருவழியின்மீது அமைந்த பூவிருந்தவல்லி, திருக்கச்சிநம்பிகளின் அவதாரத்தால் ஏற்றம் பெற்றது. பேச்சு வழக்கில் இது பூந்தமல்லி. இங்கே வரதராஜப் பெருமாளோடு எழுந்தருளியிருக்கும் தாயாரின் திருநாமம் புஷ்பவல்லி. ஊர்ப்பெயரை இத்திருநாமத்தோடு இணைத்து அநுபவிப்பது அடியார் மரபு.

இவ்வூரின் நடுப்பகுதியை ஒருமுறை வலம்வந்தால், ஒரே ஊருக்குள் பல ஊர்கள் அடங்கியிருப்பது புலனாகும். பெருமாள் கோயிலைச் சூழ்ந்தது ஒரு பகுதி. வைத்தீசுவரன் கோயிலைச் சார்ந்தது மற்றொன்று. கோல்கொண்டா ஆட்சிக்காலத்தில், பொ.ஆ. 1653-இல் எழுந்த பள்ளிவாசலும் இங்கே உண்டு. 1639-இல் ஆங்கிலேயர் சென்னையில் இடம்பெற்ற காலத்தில், தாமர்ல ஐயப்ப நாயக்கர் இவ்வூரிலிருந்துதான் இச்சீமையை நிர்வகித்தார். பின்னர் ஆங்கிலேயப் படையினரின் தங்குமிடமும் இங்கே அமைந்தது. கிழக்கே குமணன்சாவடி, வடக்கே ஆவடி செல்லும் சாலையில் கரையான்சாவடி, மேற்கே நசரத்பேட்டை. சாவடி என்பது வழிப்போக்கர் தங்கும் இடம்; பேட்டை என்பது வாணிபம் நிகழும் குடியிருப்பு. வருவோரும் போவோரும் விற்போரும் வாங்குவோருமாகவே இவ்வூர் வளர்ந்தது என்பதற்கு இப்பெயர்களே சான்று.

இத்தகைய வணிக ஊரில், வைசிய குலத்தில், மாசி மிருகசீரிடத்தில் அவதரித்தவர் நம்பிகள். நந்தவனம் அமைத்து, மலர் தொடுத்து, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காஞ்சிப் பேரருளாளனுக்குச் சமர்ப்பித்து வந்தார் என்பது தலவரலாறு. பின்னர் அத்திகிரியில் திருவாலவட்டக் கைங்கர்யமே அவருக்கு வாழ்வாயிற்று. வீசுகின்ற வேளையில் பேரருளாளன் அவரோடு வார்த்தையாடினான் என்று குருபரம்பரை கூறும். தம் ஊரில் அவர் சேவிக்கும்படி காஞ்சி வரதனோடு அரங்கனும் திருவேங்கடமுடையானும் எழுந்தருளினர் என்பது இத்தலத்தார் கொள்கை. அதற்கேற்ப இக்கோயிலில் மூவருக்கும் ஸந்நிதிகள் உள. நம்பிகளுக்கும் தனி ஸந்நிதி உண்டு.

பல குலத்தாரும் பல தொழிலினரும் தத்தம் வீதிகளில் வாழும் ஊரில், பிறப்பை வீதியே சொல்லிவிடும். ஸம்ப்ரதாயம் இதனை எவ்வாறு நோக்கியது? இதற்கு விடை நம்பிகளின் சரிதையிலேயே உள்ளது.

ராமாநுஜர் நம்பிகளை ஆசாரியராகப் பற்ற விழைந்தார். வர்ணாசிரம முறையைக் கருதி நம்பிகள் இசைந்திலர். அவர் அமுதுசெய்த சேஷத்தையேனும் ஸ்வீகரிக்க எண்ணி, ராமாநுஜர் அவரைத் தம் இல்லத்திற்கு அழைத்தார். எதிர்கொண்டு அழைத்துவர அவர் ஒரு வீதி வழியே செல்ல, நம்பிகளோ வேறொரு வீதி வழியே வந்து, அமுதுசெய்து, கைங்கர்யத்திற்கு நேரமாயிற்றென்று விரைந்து மீண்டார். தேவியார் இலையை எறிந்து, இடத்தைச் சாணமிட்டு மெழுகி, நீராடி, மீண்டும் தளிகை செய்யத் தொடங்கினார். திரும்பிவந்த ராமாநுஜர் கண்டது மெழுகிய தரையை மட்டுமே.

இங்கே நம்பிகளின் மறுப்பும் ராமாநுஜரின் விருப்பமும் ஒன்றோடொன்று முரண்படுவனபோலத் தோன்றும். உண்மையில் இரண்டும் ஒரே ஸ்வரூப ஞானத்தின் இரு முகங்கள். தம்மைத் தாழ்த்திக்கொள்வது நம்பிகளின் நைச்யம். அந்த நைச்யத்தைக் காரணமாக்கி அவரைத் தாழ்வாக எண்ணாதிருப்பது ராமாநுஜரின் பாரதந்த்ர்யம். ஒருவர் தமக்கென வகுத்துக்கொண்ட எல்லையைப் பிறர் அவர்மீது சுமத்துவதே அபசாரம். அர்ச்சாமூர்த்தியின் உலோகத்தை ஆராய்வதினும் கொடியது பாகவதரின் பிறப்பை ஆராய்தல் என்று ஸ்ரீவசனபூஷணத்தில் பிள்ளை லோகாசாரியர் காட்டியருளியதும் இக்கருத்தையே.

இதற்கு மேலும் ஒரு சான்று உண்டு. ராமாநுஜரின் மனத்திலிருந்த ஐயங்களுக்கு விடையாகப் பேரருளாளன் அருளிய ஆறு வார்த்தைகள் நம்பிகள் வழியாகவே வெளிப்பட்டன. நாராயணனே பரம்பொருள், ஜீவனும் ஈசுவரனும் வேறு, ப்ரபத்தியே உபாயம், அந்திம ஸ்ம்ருதி வேண்டுவதில்லை, தேக முடிவில் மோக்ஷம், பெரிய நம்பிகளை ஆச்ரயிக்க என்பன அவை. ஆசாரியத்துவத்தை ஏற்காதவரைக் கொண்டே ஆசாரியரை அடையும் வழியை எம்பெருமான் காட்டினான். தரிசனத்தின் பிரமாணமான வார்த்தைகள் வணிக வீதியில் பிறந்த ஒருவரின் திருவாக்கில் தங்கிவந்தன.

இங்கிருந்து மேற்கே சற்றுத் தொலைவில் திருமழிசை. பிரம்பறுக்கும் தொழிலினர் வளர்த்த குழந்தையே திருமழிசையாழ்வார். அதற்கும் அப்பால், 1017-இல் ராமாநுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர். ஆவடிக்கு மேற்கே பக்தவத்ஸலன் உறையும் திருநின்றவூர். ஒரு பகற்பொழுதில் சேவித்து மீளத்தக்க இந்நிலப்பரப்பில் பிரம்புத் தொழிலினர் மனையும் வணிகர் மனையும் அந்தணர் மனையும் நம் ஸம்ப்ரதாயத்திற்கு மூலங்களாயின.

இன்று பூவிருந்தவல்லியில் மெட்ரோ ரயிலின் மேம்பாலப் பாதை உயர்ந்து நிற்கிறது. பழைய மனைகள் இருந்த இடங்களில் அடுக்கு வீடுகள் எழுகின்றன. வீதிகள் மாறலாம், பிறப்பை வைத்து மனிதரை வகுக்கும் வழக்கம் அவற்றோடு தானே மாறிவிடுவதில்லை. ஸந்நிதியில் நம்பிகளை வணங்கி, வெளியே வந்ததும் எதிர்ப்படும் அடியாரின் குலத்தை வினவுவோமாயின், மெழுகிய தரையை நாமும் ஒருமுறை மெழுகியவர்களாவோம். மாசி மிருகசீரிடத்தில் இத்தலத்தைச் சேவிப்போர் இதனையும் நெஞ்சில் கொள்வாராக.