கண்ணைப் பறித்தவனையே மீண்டும் காதலித்த தேவமங்கை!

கட்டிய கணவனே மனைவியின் இரு கண்களையும் எடுத்து இன்னொருத்திக்குக் கொடுத்துவிடுகிறான். பார்வையிழந்த அந்தப் பெண், பிள்ளையைப் பெற்றுவிட்டு வானுலகத்து மேடை ஒன்றிலிருந்து குதித்துவிடுகிறாள். முந்நூறு ஆண்டுகள் கழித்து அதே கணவனை ஒரு விருந்தில் சந்திக்கிறாள். அவன் யார் என்றே அவளுக்குத் தெரியவில்லை. மெல்ல மெல்ல அவன்மேல் ஆசை கொள்கிறாள்!

அவளுக்குத்தான் தெரியாது. டெலிவிஷன் முன் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எல்லாம் தெரியும். "அடி பாவி, உன் கண்ணைப் பிடுங்கியவன் அவன்தானடி!" என்று கத்தத் தோன்றும். கத்தி என்ன பயன்?

2017-ம் ஆண்டில் சீனாவையே டெலிவிஷன் பெட்டியின் முன் கட்டிப்போட்ட தொடரின் கதை இது. அதன் பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியாது. "மூன்று பிறவி, மூன்று உலகம், பத்து லி தூரம் பீச் மலர்கள்" என்பது பெயர். "லி" என்பது சீனர் கணக்கில் அரை கிலோமீட்டர். ஆக, ஐந்து கிலோமீட்டருக்குப் பூத்துக் கிடக்கும் தோட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். தாங் சி என்ற பெண் எழுத்தாளர் இன்டர்நெட்டில் எழுதிய நாவலிலிருந்து எடுக்கப்பட்ட கதை.

புத்தாண்டு விருந்து

அந்த ஆண்டு சீனப் புத்தாண்டு ஜனவரி 28-ம் தேதி பிறந்தது. வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் எல்லாம் சொந்த ஊர் திரும்பி, குடும்பம் ஒன்றாகக் கூடியிருக்கும் நாட்கள் அவை. 30-ம் தேதி தொடர் ஆரம்பமாயிற்று. ஷாங்காய் நகரத்து நிலையமும் ஜெஜியாங் மாகாண நிலையமும் ஒரே சமயத்தில் ஒளிபரப்பின.

நம் ஊர்த் தொடர்களைப் போல ஆண்டுக்கணக்கில் இழுப்பது அங்கே வழக்கமில்லை. ஓர் இரவில் இரண்டு பகுதிகள் காட்டுவார்கள். அதற்கு மேல் கூடாது, இரண்டு செயற்கைக்கோள் நிலையங்களுக்கு மேல் ஒரே தொடரைக் காட்டவும் கூடாது என்று 2015-ல் அரசாங்கம் விதி கொண்டுவந்திருந்தது. 58 பகுதிகளும் ஏறத்தாழ ஒரே மாதத்தில் முடிந்துவிட்டன.

தேவர்களும் தவசிகளும் வாள் ஏந்திப் பறக்கும் இந்த வகைக் கதைகளுக்குச் சீனத்தில் "சியென்சியா" என்று பெயர். அமரர், வீரர் என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது அது. 2005-ல் வந்த ஒரு தொடர், தைவானின் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றிலிருந்து பிறந்தது. 2015-ல் "ஹுவா சியென்கு" என்ற தொடர் பெரிய வெற்றி பெற்றது. அதை இயக்கியவர்களில் ஒருவரான லின் யூஃபென் என்ற பெண்மணிதான் பீச் மலர்த் தொடரையும் இயக்கினார்.

கதாநாயகி பை சியென், ஒன்பது வால் கொண்ட நரிக்குலத்தில் பிறந்த அரசி. சீனரின் மிகப் பழைய நூலான "மலை கடல் நூல்" என்பதிலேயே இந்த ஒன்பது வால் நரியும், அது வாழும் சிங்சியூ நாடும் வருகின்றன. அவளுக்கு வயது 1,40,000. கதாநாயகன் யே ஹுவா, வானுலகின் பட்டத்து இளவரசன். அவனுக்கு வயது 50,000-தான்! பெண்ணுக்கு ஒரு வயது கூடினாலே முகம் சுளிக்கும் நம் வீட்டுப் பெரியவர்கள் இந்தப் பொருத்தத்துக்கு என்ன சொல்வார்களோ!

யாங் மி கதாநாயகியாக நடித்தார். ஆண் வேடமிட்டு வித்தை கற்கும் சீடன், ஏதுமறியாத மலைப் பெண், நரிக்குல அரசி என்று மூன்று விதமாக அவர் தோன்றுகிறார். தைவான் நடிகர் ஜாவ் யூ டிங்குக்கு இரட்டை வேடம். குருநாதரும் அவரே, காதலனும் அவரே.

இத்தகைய தொடர்களில் நடிப்பவர் ஒருவர், குரல் கொடுப்பவர் இன்னொருவர் என்பது சர்வசாதாரணம். படப்பிடிப்புத் தளத்துச் சத்தம் ஒரு காரணம். நடிகர்களின் ஊர்ப் பேச்சு ஒரு காரணம். திரையின் அடியில் எழுத்து ஓடுவதும் வெளிநாட்டாருக்காக மட்டும் அல்ல. ஒரு மாகாணத்துப் பேச்சு இன்னொரு மாகாணத்துக்குப் புரியாத அந்த நாட்டில், சீனர்களே எழுத்தைப் படித்துக்கொண்டுதான் பார்க்கிறார்கள்.

இங்கிருந்து போன சரக்கு

இந்தக் கதைகளை முதன்முதலாகப் பார்க்கும் தமிழருக்கு ஒன்று வியப்பாக இருக்கும். எல்லாம் எங்கோ கேட்டது போலவே இருக்கும்! வானுலகில் ஒரு நாள் என்றால் பூமியில் ஓர் ஆண்டு. இது நம் பாட்டிமார் சொன்ன தேவர் கணக்கேதான். மனிதர்களின் விதியை ஏட்டில் எழுதும் "சிமிங்" என்ற தேவனைப் பார்த்தால் சித்திரகுப்தன் நினைவு வரும்.

காரணம் இல்லாமல் இல்லை. முற்பிறவி, மறுபிறவி, வினைப்பயன் ஆகிய கருத்துக்கள் புத்த சமயத்தோடு சீனாவுக்குப் போனவை. தேவர்கள் தங்கள் நிலையில் உயர, இடியையும் மின்னலையும் தாங்கும் சோதனைகளைக் கடக்க வேண்டும். சிலர் மனிதராகப் பிறந்து துன்பப்படவும் வேண்டும். இந்தச் சோதனைக்குச் சீனத்தில் "ஜியே" என்று பெயர். "கல்பம்" என்ற வடசொல் சீன நாவில் சுருங்கி "ஜியே" ஆயிற்று. ஊழிக்காலத்தைக் குறித்த சொல், போகப் போகப் பேரிடரையும் குறிக்கத் தொடங்கிவிட்டது.

ஆனால் நம் புராணங்களில் அதிகம் காணாத ஒன்றும் இவற்றில் உண்டு. மறதிதான் அது. மறுபிறவிக்குப் போகும் உயிர், "மெங்" என்ற கிழவி தரும் கஷாயத்தைக் குடித்து முன் கதையை மறக்க வேண்டும் என்பது சீனர் நம்பிக்கை. காதல் தொடர் எழுதுகிறவர்களுக்கு இதைவிட வசதியான கஷாயம் வேறு கிடையாது!

தெரிந்தவர் மூவர்

பேய்க்குல அரசனோடு நடந்த சண்டையில் சக்தியையும் நினைவையும் இழந்து, மனிதப் பெண்ணாகி, சூ சூ என்ற பெயரோடு வாழ்ந்தபோதுதான் பை சியென் இளவரசனை மணந்தாள். வானுலக அரண்மனைக்குப் போனாள். அங்கே சூ ஜின் என்ற ஒருத்தி, இளவரசன்மேல் கண் வைத்தவள், தானே மேடையிலிருந்து விழுந்துவிட்டு, "இவள்தான் தள்ளினாள், என் கண் போயிற்று" என்று பழி போட்டாள். கண்ணுக்குக் கண் என்று வானரசர் தீர்ப்பளித்தார். அதை நிறைவேற்றியவன் கணவன்! மறுத்தால் அவளுக்கு இன்னும் கொடிய தண்டனை வரும் என்று அஞ்சி, தன் கையாலேயே செய்தான்.

மேடையிலிருந்து குதித்தவள் சாகவில்லை. பழைய தேவ வடிவம் திரும்பிற்று. பட்ட துயரம் தாங்காமல், மறக்க மருந்து கேட்டு வாங்கிக் குடித்தாள். அதனால்தான் கிழக்குக் கடல் விருந்தில், வெளிச்சம் தாங்காத கண்களுக்கு வெள்ளைப் பட்டுத் துணி கட்டிக்கொண்டு அவள் நிற்கும்போது, தன்னை "அம்மா" என்று கூப்பிடும் சிறுவன் தான் பெற்ற பிள்ளை என்பதை அறியவில்லை. இளவரசன் விரைவிலேயே புரிந்துகொள்கிறான். ஆனால் வாய் திறப்பதில்லை. ஆக, அவனுக்குத் தெரியும்; கண்ணை வைத்திருப்பவளுக்குத் தெரியும்; பார்ப்பவர்களுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது.

அரசன் ஆணை என்பது போதுமான சமாதானமா? சீதையைத் தீக்குளிக்கச் சொன்ன இராமனைப் பற்றித் திண்ணைகளில் நடந்த வழக்கு இங்கேயும் நடந்தது. சீனாவில் இன்டர்நெட்டில் தொடர் பார்ப்பவர்கள் எழுதும் கருத்துக்கள் படத்தின் மேலேயே வலமிருந்து இடமாக ஓடும். இதற்கு "டான்மு" என்று பெயர். குண்டு மழைத் திரை என்று பொருள். டூரிங் கொட்டகையில் தரை டிக்கெட்டுக்காரர்கள் திரையைப் பார்த்துப் பேசுவார்களே, அதேதான். ஒருவன் குரலுக்குப் பதிலாக எழுத்து.

நடுவில் தொடர் தொய்வதை மறுப்பதற்கில்லை. கெட்டவள் கெட்டவளாகவே இருக்கிறாள். கிளைக்காதல்கள் வேறு. தொடர்கள் 40 பகுதிக்குள் முடிவதே நல்லது என்று 2020-ல் அரசாங்கம் அறிவுரை சொன்னபோது, அலுத்துக்கொண்டவர்களைவிட ஆறுதல் அடைந்தவர்களே அதிகம் இருந்திருப்பார்கள். பிற்பாடு வந்த தொடர்களில், கடைசிப் பகுதிகளை முன்கூட்டிப் பார்க்கத் தனிக் கட்டணம் என்று கம்பெனிகள் கிளம்பின. கதாநாயகியின் கண்ணீர் எப்போது நிற்கும் என்று அறிவதற்கும் காசு! எதிர்ப்பு வலுத்து, 2021 அக்டோபரில் மூன்று பெரிய கம்பெனிகளும் அதைக் கைவிட்டன.

பை சியெனுக்கு நினைவு திரும்பும் இடம்தான் தொடரின் உயிர். அவள் அழுது புரள்வதில்லை. நேரே சூ ஜின்னிடம் போகிறாள். "நான் கொடுத்து வைத்த பொருளைத் திருப்பி வாங்க வந்திருக்கிறேன்" என்ற தோரணையில் தன் கண்களைக் கேட்டு வாங்குகிறாள். பின் ஊர் திரும்பிக் குகையை அடைத்துக்கொள்கிறாள். இளவரசன் வாசலில் வந்து காத்து நிற்கிறான். அவள் முகம் கொடுக்கவில்லை.

பேய்க்குல அரசன் மறுபடி கிளம்புகிறான். அவனை அடக்கப் போன இளவரசன் அவள் மடியிலேயே உயிர் விடுகிறான். மூன்று ஆண்டுகள் கழித்து, பீச் மரங்கள் பூத்திருக்கும்போது, அவன் திரும்பி வந்து அவளைப் பெயர் சொல்லி அழைக்கிறான். அவள் ஓடுகிறாள்.