வாஷரில் சுற்றிய வானொலி

தண்ணீர்க் குழாய் சொட்டினால் உள்ளே மாற்றிப் போடுகிறோமே, நடுவில் ஓட்டையுள்ள பிளாஸ்டிக் வாஷர், அதில் செப்புக் கம்பியைச் சுற்றினால் ரேடியோவுக்கு வேண்டிய காயில் தயார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் 2000களின் தொடக்கத்தில் வடிவமைத்து, யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளட்டும் என்று வரைபடத்தோடு பொதுவில் விட்ட பிட்எக்ஸ் என்ற ரேடியோவில் காயில் சுற்ற அந்த வாஷரைத்தான் பயன்படுத்தினார். வெளிநாட்டு வரைபடங்கள் கேட்கும் இரும்புத்தூள் வளையங்கள் நம் ஊர்க் கடைகளில் சுலபமாகக் கிடைக்காது. வாஷர் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். மற்ற பாகங்களும் அப்படியே. டிவி ஆன்டெனாவோடு வரும் சின்ன பெரைட் கோர், ரேடியோ ரிப்பேர்க் கடையில் இருக்கும் சாதாரண டிரான்சிஸ்டர், கடைசி நிலையில் ஐஆர்எஃப்510. இந்த ஐஆர்எஃப்510 ரேடியோவுக்காகச் செய்ததே இல்லை. பவர் சப்ளைக்குள் மின்சாரத்தை விட்டு விட்டு நிறுத்தும் ஸ்விட்சு வேலைக்குச் செய்தது. விலை குறைவு என்பதால் ஹாம்கள் அதை இழுத்துவந்து இந்த வேலையில் பூட்டிவிட்டார்கள்.

ஹாம் என்றால் உரிமம் பெற்று, சொந்தச் செலவில், காசு வாங்காமல் வானொலியில் பேசுகிறவர். ஒருவரோடு ஒருவர் பேசலாம். பாட்டு ஒலிபரப்பவோ வியாபாரம் பேசவோ கூடாது. வாங்கிவந்த செட்டை வைத்தும் பேசலாம்தான். ஆனால் இந்தப் பொழுதுபோக்கில் பாதி சுகம் கட்டுவதில் இருக்கிறது.

கருவியின் உள்ளே போவோம். சாதாரண ஏஎம் ஒலிபரப்பில், நம் குரலைச் சுமந்துபோக ஒரு அலை எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் இரண்டு பக்கத்திலும் குரலின் இரண்டு நகல்கள். சுமக்கும் அலையில் செய்தி ஏதும் கிடையாது. ஆனால் அனுப்பும் சக்தியில் பெரும்பங்கை அதுவே விழுங்கிவிடும். நகல் இரண்டும் ஒன்றேதான், ஒன்று போதும். எனவே சுமக்கும் அலையை அடக்கி, ஒரு நகலை வெட்டி, மிச்சமிருக்கும் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்புவது எஸ்எஸ்பி முறை. 6 வாட் செட்டில் பேசி ஐரோப்பாவை எட்ட முடிவது இந்தச் சிக்கனத்தால்தான். வாங்கும் பக்கத்தில் அடக்கிய அலையை மறுபடி சேர்த்துக்கொள்ள வேண்டும். அது கொஞ்சம் பிசகினாலும் கனத்த குரல்காரர் கீச்சுக்குரலில் பேசுவார்.

பிட்எக்ஸ் இதைச் செய்யும் வழி அழகானது. மைக்கில் வரும் குரலை 10 மெகாஹெர்ட்ஸ் அலையோடு ஒரு டயோடு மிக்ஸரில் கலக்கிறது. சுமக்கும் அலை அங்கேயே அடங்கிவிட, இரண்டு நகல்கள் மட்டும் வெளியே வரும். அடுத்து வரிசையாக நிற்கும் கிரிஸ்டல்கள். 10 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இரண்டு மூன்று கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு சின்ன இடுக்கை மட்டும் அவை திறந்துவைத்திருக்கும்; ஒரு நகல் நுழையும், இன்னொன்று வெளியே நிற்கும். நுழைந்ததை 4 மெகாஹெர்ட்ஸோடு கலந்தால் 14. ஹாம்களுக்கு ஒதுக்கிய 20 மீட்டர் அலைவரிசை அதுதான். பெருக்கி ஆன்டெனாவுக்கு அனுப்பினால் முடிந்தது. கேட்கும்போது அப்படியே தலைகீழ்: ஆன்டெனாவிலிருந்து 14, அதில் 4 போக 10, அதே கிரிஸ்டல் வரிசை, அதிலும் 10 போனால் குரல்.

ஃபர்ஹானின் கெட்டிக்காரத்தனம் இங்கேதான். பல செட்டுகளில் அனுப்ப ஒரு பாதை, வாங்க ஒரு பாதை என்று பாகங்கள் இரட்டிப்பாகும். டயோடு மிக்ஸருக்கும் கிரிஸ்டல் வரிசைக்கும் திசை பேதமில்லை. எந்தப் பக்கம் விட்டாலும் வேலை செய்யும். திசை பார்ப்பது டிரான்சிஸ்டர் பெருக்கிதான். எனவே ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பெருக்கிகளை எதிரும் புதிருமாக வைத்து, எதற்கு மின்சாரம் கொடுக்கிறோமோ அது மட்டும் உயிரோடு இருக்கும்படி செய்தார். ஒற்றைத் தண்டவாளப் பாலத்தில் சிக்னலை மாற்றி இரண்டு பக்க ரயிலையும் விடுகிற மாதிரி. பாகம் குறைந்தால் செலவும் குறையும். பிழை வந்தால் தேட வேண்டிய இடமும் குறையும்.

ஆந்திரத்தின் விஜயபுரம், நகரி, புத்தூர் பக்கத்தில் இதைக் கட்ட உட்காருகிறவருக்கு ஒரு வசதி உண்டு. இது விசைத்தறி நாடு. தறி இருந்தால் மோட்டார் இருக்கும், மோட்டார் இருந்தால் எரிந்துபோன மோட்டாரும் இருக்கும், அதற்குக் காயில் கட்டும் கடையும் இருக்கும். எனாமல் பூசிய செப்புக் கம்பி அங்கே எடை போட்டுக் கிடைக்கும். மெல்லிய கேஜாகக் கேட்டால் சுருளின் மிச்சத்தையே கொடுத்துவிடுவார்கள். மற்றவற்றுக்கு ஏகாம்பரகுப்பத்தில் ரயில் ஏறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் ஒரே நாளில் பட்டியல் தீர்ந்துவிடும்.

சுற்றுவதில் ஒரு பக்குவம் இருக்கிறது. கம்பி ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கம் பக்கமாக உட்கார வேண்டும். எண்ணிக்கையில் ஒரு சுற்று தப்பினால் செட் வேறு எங்கோ நிற்கும். வாஷரின் ஓட்டைக்குள் கம்பி நுழையும் ஒவ்வொரு தடவையும் ஒரு சுற்று என்று கணக்கு; வெளிப்பக்கத்தைப் பார்த்து எண்ணுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். பிறகு இரண்டு முனையிலும் எனாமலைப் பிளேடால் சுரண்டி, செம்பின் நிஜ நிறம் பளிச்சென்று தெரிந்த பின்தான் ஈயம் வைக்க வேண்டும். பார்வைக்குச் சுத்தமாக ஒட்டியிருக்கும். அடியில் எனாமல் மிச்சமிருந்தால் மின்சாரம் பாயாது. புதிதாகக் கட்டுகிறவர்கள் டிரான்சிஸ்டரைச் சந்தேகித்து மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்க, குற்றவாளி பெரும்பாலும் இந்தச் சுரண்டாத முனைதான். முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது 12 வோல்ட் பல்பு ஒன்றைத் தொடராகப் போட்டுவிடுங்கள். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு எரியும், பாகங்கள் தப்பிக்கும்.

ஆன்டெனா இன்னும் எளிது. வீட்டு வயரிங் ஒயரை மொத்தம் 10 மீட்டர் எடுத்து, நடுவில் வெட்டி, மொட்டை மாடிக்கும் தென்னைக்கும் இடையில் நைலான் கயிற்றால் கட்டினால் 14 மெகாஹெர்ட்ஸுக்குப் போதும். 7 மெகாஹெர்ட்ஸுக்கு அதைப்போல இரண்டு மடங்கு நீளம். அவ்வளவு நீளத்துக்கு மாடி போதாமல் பக்கத்து வீட்டு மரத்தை நாட வேண்டியிருக்கும். அது ரேடியோ ஞானத்தைவிட அக்கம்பக்க ராசியைச் சேர்ந்த விஷயம்.

கட்டி முடித்ததும் பலரைக் குழப்பும் ஒன்று: விஜயபுரத்திலிருந்து 14 மெகாஹெர்ட்ஸில் கூப்பிட்டால் சென்னையில் கேட்காது. ஆனால் இத்தாலியில் கேட்கலாம். தரையோடு போகும் அலை சில பத்து கிலோமீட்டரில் சோர்ந்துவிடுகிறது. மேலே போனது 250, 300 கிலோமீட்டர் உயரத்தில் சூரிய ஒளியால் மின்னூட்டம் பெற்ற அயனி மண்டலத்தில் பட்டு வளைந்து, வெகுதூரம் தள்ளித்தான் இறங்குகிறது. நடுவில் இருக்கிற ஊர்கள் எல்லாம் அதன் கீழே மௌனமாக இருக்கும். பக்கத்து ஊரோடு பேசப் பகலில் 7 மெகாஹெர்ட்ஸே சரி. அது கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறியும் திரும்பி இறங்கும். நகரி மலை குறுக்கே நிற்பதும் அப்போது பொருட்டில்லை. போலீஸ் வாக்கிடாக்கி போன்றவை வேலை செய்யும் உயர் அலைவரிசைகளுக்குத்தான் மலை எதிரி.

இந்த அயனி மண்டலத்தைக் கவனிக்கிற பெரிய கருவி ஒன்று நம் பக்கத்திலேயே இருப்பது பலருக்குத் தெரியாது. திருப்பதிக்கும் சித்தூருக்கும் நடுவே காதங்கியில், தேசிய வளிமண்டல ஆய்வகத்தில், 53 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் ரேடார் அது. வரிசைக்கு 32 என்று 32 வரிசையில், 1024 யாகி ஆன்டெனாக்கள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. நாம் டிவிக்குக் கட்டிய மீன்முள் ஆன்டெனாவின் உறவுக்காரர்கள். காற்றின் போக்கை அளப்பது முதல் வேலை. கூடவே, காந்த நடுக்கோட்டை ஒட்டிய நம் வானத்தில் சூரியன் மறைந்த பிறகு அயனி மண்டலம் குமிழ் குமிழாகக் கலங்குவதையும் அது படம் பிடிக்கிறது. ஹாம்களுக்கு அந்தக் கலக்கம் காதாலேயே தெரியும்: மாலை ஏழு, எட்டு மணி சுமாருக்குத் தூரத்துக் குரல்கள் படபடவென்று நடுங்க ஆரம்பிக்கும்.

வானத்தைவிட வீட்டுக்குள் இருப்பவைதான் இப்போது பெரிய தொல்லை. தறி மோட்டார்தான் இரைச்சல் போடும் என்று நினைப்போம். மோட்டார் ஸ்விட்சு போடும்போது டக்கென்று ஒரு சத்தத்தோடு சரி. எல்இடி பல்புக்குள்ளும் மொபைல் சார்ஜருக்குள்ளும் இருக்கும் சின்ன சப்ளைகள் விநாடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடி, சிற்றலை முழுவதையும் இரைச்சலால் நிரப்பிவிடுகின்றன. எளிய மருந்து, செட்டையும் 12 வோல்ட் பேட்டரியையும் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு மின்கம்பம் இல்லாத ஏரிக்கரைக்குப் போய்விடுவது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒயரின் ஒரு முனையைப் பனைமரத்தில் எறிந்து, சைக்கிளைச் சாய்த்துவைத்து ஹெட்போனை மாட்டினால், வீட்டில் காதிலேயே விழாத நிலையங்கள் வரிசையாக வரும். ஆடுமாடு மேய்ப்பவர்கள் முதலில் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். ஹெட்போனில் ஒரு தடவை கேட்க வைத்தால் போதும், அடுத்த வாரம் அவர்களே மரம் காட்டுவார்கள்.

தென்னிந்தியாவில் வானொலி என்பதே இப்படித் தாமே கட்டிப் பார்ப்பவர்களிடமிருந்துதான் தொடங்கியது. சென்னை மாநகராட்சியில் மின்பொறியாளராக இருந்த சி. வி. கிருஷ்ணசாமி செட்டி 1924இல் மெட்ராஸ் மாகாண ரேடியோ கிளப்பை ஆரம்பித்து, இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த பாகங்களைத் தாமே கூட்டி ஒரு டிரான்ஸ்மிட்டரைச் செய்தார். அந்த ஆண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பு தொடங்கியது. காசு போதாமல் 1927இல் கிளப் நின்றது. கருவி மாநகராட்சிக்குப் போனது. 1938இல் அகில இந்திய வானொலி சென்னைக்கு வந்து பொறுப்பேற்றது. அரசு நுழைவதற்கு முன்னால் ஒரு பொழுதுபோக்குக்காரர் ஈய வாசத்தோடு உட்கார்ந்திருந்தார் என்பது எனக்குப் பிடித்த வரலாறு.

2004 டிசம்பரில் அந்தமானில் பொழுதுபோக்குக்காக முகாமிட்டவர்களும் அவர் வகையே. ஹைதராபாத் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் பாரதி பிரசாத் தலைமையில் போர்ட் பிளேரிலிருந்து உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தபோது, 26ஆம் தேதி சுனாமி வந்தது. தொலைபேசி அறுந்த தீவுகளிலிருந்து செய்தி கொண்டுபோகும் வேலை அந்தச் செட்டுகளுக்கு வந்து சேர்ந்தது. அதற்கு அடுத்த மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி6 கிளம்பியபோது, கார்டோசாட்-1க்குத் துணையாக 42.5 கிலோ எடையில் ஹாம்களுக்கென்றே ஒரு செயற்கைக்கோளும் ஏறியது. ஹாம்சாட். அதிலிருந்த இரண்டு டிரான்ஸ்பாண்டர்களில் ஒன்று இந்தியாவில் செய்தது. மற்றது நெதர்லாந்து மாணவர் ஒருவர் செய்தது. 435 மெகாஹெர்ட்ஸில் மேலே அனுப்பினால் 145இல் திருப்பிக் கொடுக்கும். தலைக்கு மேலே கடக்க பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். அதற்குள் கையில் பிடித்த யாகியை அது போகிற வழியில் திருப்பிக்கொண்டே, வேகத்தால் சில கிலோஹெர்ட்ஸ் நகரும் அலையையும் துரத்த வேண்டும். இரண்டு வருடம் என்று கணக்குப் போட்டது ஒன்பது வருடம் உழைத்து, பேட்டரி செத்து, 2014 ஜூலையில் ஓய்ந்தது.

பிட்எக்ஸும் அதே வடிவில் நின்றுவிடவில்லை. பழைய செட்டில் 4 மெகாஹெர்ட்ஸ் அலையைத் தருவது காயிலும் கண்டென்சரும். சித்தூர் வெயிலில் மத்தியானம் ஃபேன் போட்டாலே அது நகரும், பேசிக்கொண்டிருப்பவர் கீச்சுக்குரலுக்குப் போய்விடுவார். 2017இல் வந்த யுபிட்எக்ஸில் அந்த வேலையை ஆர்டுயினோ என்ற குட்டிக் கணினிப் பலகையும் எஸ்ஐ5351 என்ற சிப்பும் எடுத்துக்கொண்டன. 3இலிருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரை அசையாமல் நிற்கும். ஆர்டுயினோவின் நிரலைத் திறந்து மாற்றிக்கொள்ளலாம் என்பதால், ஈயம் தொடாத கணினிப் பிள்ளைகளும் இந்தப் பக்கம் வந்தார்கள். அந்தப் போர்டுகளின் காயில்களை ஹைதராபாத்தில் பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து கையால் சுற்றிக் கொடுத்தார்கள். செட்டோடு ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியை இணைத்தால் எஃப்டி8இலும் பேசலாம். பல்சார் ஆராய்ச்சிக்காக 1993இல் நோபல் பெற்ற ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கேயும் உருவாக்கிய முறை அது. ஒவ்வொரு அனுப்பலுக்கும் 15 விநாடி. இரைச்சலுக்கு அடியில் காதே பிடிக்காத சமிக்ஞையையும் கணினி எழுத்தாக்கிவிடும். ஆனால் அதில் பேச்சு என்று ஒன்றுமில்லை, அழைப்புப் பெயரும் இடமும் பரிமாறிக்கொள்வதோடு சரி. யாரோடாவது பேச வேண்டுமென்றால் யுபிட்எக்ஸ். ரேடியோ எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டுமென்றால், நகருகிற பழைய வாஷர் செட்டையே நான் சொல்வேன்.

அனுப்ப உரிமம் கட்டாயம். பன்னிரண்டு வயது முடிந்தால் மத்திய அரசின் தேர்வு எழுதலாம். கொஞ்சம் மின்னியல், கொஞ்சம் விதிகள். ஆரம்பப் பிரிவுக்கு மோர்ஸ் தேவையில்லை, வியு-3 என்று தொடங்கும் அழைப்புப் பெயர் கிடைக்கும். மோர்ஸில் நிமிடத்துக்கு எட்டு வார்த்தை எடுக்கப் பழகி மேல் பிரிவு எழுதினால் வியு-2. விண்ணப்பித்து, தேர்வு முடிந்து, காகிதம் கைக்கு வரச் சில மாதங்கள் ஆகலாம். அதற்குள் கேட்கும் பக்கத்தை முழுதாக ஓட்டிப் பார்த்துவிடலாம். ஐஆர்எஃப்510ஐ மட்டும் அதுவரை போர்டில் பற்றவைக்காதீர்கள்.