வேலிக்கு வாய் இல்லை, கல்லுக்கு உண்டு

மதுரையைச் சுற்றிய மானாவாரிக் காடுகளில் கிளுவை வேலி சகஜம். குச்சியை ஒடித்து நட்டால் போதும், தழைத்துவிடும். சில வருடங்களில் பருத்து, பக்கத்துக் காட்டுக்குள் ஒரு முழம் சாய்ந்தும்விடும். சாய்ந்த கோட்டையே எல்லை என்று ஒருவர் சொல்லத் தொடங்கும்போது பிறக்கிறது வழக்கு.

பிரான்ஸின் சிவில் சட்டம் இதிலெல்லாம் கறார். உள்ளூர் வழக்கம் வேறாக இல்லையென்றால், 2 மீட்டருக்கு மேல் உயரும் மரத்தை எல்லையிலிருந்து 2 மீட்டர் தள்ளித்தான் வைக்க வேண்டும். தாண்டிய கிளையிலிருந்து தானாக உதிர்ந்த பழம் பக்கத்து வீட்டுக்காரருக்கு! தமிழ்நாட்டில் அண்டை நிலத்தார் வேலிக்கென்று அப்படித் தனிச் சட்டம் இல்லை. இங்கே சட்டம் பார்ப்பது கல்லை.

1923-ம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி, எல்லைக்கல்லைப் பேணுவது பட்டாதாரரின் கடமை. அவர் தவறினால் அரசே சீர்செய்து செலவை வசூலிக்கலாம். அரசு நட்ட கல்லைப் பிடுங்குவதோ நகர்த்துவதோ ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

கல்லே காணாமல் போனால்? சர்வேயர் புலப்படத்தோடு வருவார். பழைய படங்களில் அளவு லிங்க்ஸில் இருக்கும். 100 லிங்க்ஸ் ஒரு சங்கிலி, 66 அடி. ஒரு லிங்க் எட்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. தப்பிப் பிழைத்த கற்களைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து அளந்து, தொலைந்த கல்லின் இடத்தைக் குறிப்பார்.

பத்திரம் வேறு பாஷை பேசும். கிழக்கே இன்னார் புஞ்சை, வடக்கே வண்டிப்பாதை என்று நாலுமால் எழுதி, கடைசியில் இத்தனை சென்ட் என்று முடியும். இரண்டும் முரண்பட்டால், நீதிமன்றங்கள் பொதுவாகப் பரப்பளவைவிட நாலுமாலையே நம்புகின்றன. சென்ட் கணக்கை மட்டும் மனப்பாடம் செய்தவர்களுக்கு இது கசக்கும்.

அளவையில் தீர்மானித்த எல்லை தவறென்றால், அறிவிக்கை வெளியான நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் சிவில் வழக்குப் போட வேண்டும். ‘பன்னிரண்டு வருஷமாக என் வேலி அங்கேதான் நிற்கிறது’ என்பது திண்ணைப் பேச்சுக்குச் சரி. அந்த நிலத்துக்கு உரிமை கோர நீதிமன்றத்தில் அது மட்டும் போதாது. உரியவர் அறியும்படி, அவர் உரிமையை மறுத்து, வெளிப்படையாக, இடைவிடாமல் அனுபவித்ததை நிரூபிக்க வேண்டும்.

வழக்கு முற்றினால் நீதிமன்றம் வக்கீல் ஒருவரை ஆணையராக அனுப்பும். இரு தரப்பும் பார்த்திருக்க, சர்வேயர் அளந்து சொன்ன இடத்தில் மண்வெட்டி இறங்கும். சில சமயம் கல் அங்கேயே இருக்கும், கிளுவை வேர் சுற்றிக்கொண்டு.